ஜவ்வு விலகிடுச்சு, எலும்பு தேஞ்சு போச்சு: முதுகு வலிக்கு நாம் வைத்த பெயர்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா, முடிஞ்சா எழுந்து நடந்துக்கிட்டே கேளுங்க. மொட்டை மாடி போதும். பைக் ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க மட்டும் தயவுசெஞ்சு இயர்போனைக் கழட்டிடுங்க, வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கலாம்.

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னையில ஓஎம்ஆர் பக்கம் ஒரு சின்ன கிளினிக். 12 வருஷமா இதே வேலை. வர்றவங்கள்ல முதுகு வலி, இடுப்பு வலிக்காரங்கதான் அதிகம், அதுலயும் 25ல இருந்து 40 வயசுக்குள்ள இருக்கிறவங்க. "எங்க பாட்டிக்கு வந்தது எனக்கு எப்படிங்க 26 வயசுலயே வந்துச்சு?"ன்னு ஒரு பொண்ணு கேட்டாங்க. பாட்டிக்கும் 26 வயசுல வந்திருக்கும். கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது.

இது தனி ஒருத்தர் பிரச்சினை கிடையாது. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050ல் அது 84.3 கோடி ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. மனுஷங்களை முடக்கிப் போடுற காரணங்கள்ல உலக அளவுல முதல் இடம் இதுக்குத்தான்.

இன்னைக்கு நான் 10 உடற்பயிற்சி சொல்லித் தரப் போறதில்லை. அது யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. நான் பேச வந்தது வலியைப் பத்தி நாம பேசுற பேச்சை. அந்தப் பேச்சு எத்தனை பேரைக் கட்டில்லயே கட்டிப் போட்டுருக்குன்னு தினமும் பார்க்கிறேன்.

கிளினிக்குள்ள ஆள் நுழையறதுக்கு முன்னாடி அந்தப் பெரிய எம்ஆர்ஐ கவர் நுழையும். "எங்க வலிக்குது?"ன்னு கேட்பேன். "எல்4-எல்5 சார் அது"ன்னு பதில் வரும். இடுப்பைத் தொட்டுக் காட்ட மாட்டாங்க, ரிப்போர்ட்டைத் தொட்டுக் காட்டுவாங்க. அடுத்த வரி, "ஜவ்வு விலகிடுச்சாம்." இல்லைன்னா, "எலும்பு தேஞ்சு போச்சாம்." இந்த 'ஆம்' இருக்கே, அதுல நிறைய விஷயம் இருக்கு. யாரோ சொன்னதை அவங்க தூக்கிட்டு அலையறாங்க.

முதல்ல ஜவ்வு. கழுத்துல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் தனித்தனியா 24 முதுகெலும்புகள். அதுக்கு இடையில இருக்கிற மெத்தை மாதிரியான பொருள்தான் டிஸ்க், மொத்தம் 23. வெளியில பல அடுக்கா இறுக்கமான நார். உள்ள நுங்கு மாதிரி ஈரமான, வழவழப்பான பகுதி. மேல இருக்கிற எலும்போடும் கீழ இருக்கிற எலும்போடும் அது கெட்டியா ஒட்டியிருக்கு. கேரம் போர்டுல காய் நழுவுற மாதிரி அது நழுவாது. நழுவ வழியே இல்லை. நடக்கிறது என்னன்னா, அந்த நார் அடுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் புடைக்கலாம், சில பேருக்கு அதுல விரிசல் விட்டு உள்ள இருக்கிறது கொஞ்சம் வெளிய வழியலாம். புடைப்பு, கசிவு, இப்படி ஏதாவது பேர் வச்சிருந்தா கூடப் பரவாயில்லை. 'விலகிடுச்சு'ன்னு சொன்ன உடனே மனசுல என்ன வருது? ஓடு விலகின வீடு. குனிஞ்சா இன்னும் கொஞ்சம் விலகும், தும்முனா மொத்தமா விலகிடும். அப்புறம் அந்த ஆள் எப்படிங்க குனிவாரு?

'தேய்மானம்' அதைவிட மோசம். டயர் தேயும், செருப்பு தேயும். தேஞ்ச பொருளை என்ன பண்ணுவோம்? அதிகமா ஓட்ட மாட்டோம், பத்திரமா ஓரமா வைப்போம். ஆனா உடம்பு டயர் கிடையாதே. எலும்புக்கும் தசைக்கும் பாரம் கொடுத்தா அது பலமாகும், கொடுக்காம வச்சாத்தான் இளைக்கும். மாவுக்கட்டு ஆறு வாரம் போட்ட காலைப் பார்த்திருக்கீங்களா? கட்டைப் பிரிக்கும்போது அது உங்க கால் மாதிரியே இருக்காது. டிஸ்க்குக்கு நடுப்பகுதியில ரத்தக் குழாயே இல்லை. அதுக்கு வேண்டிய சத்து ஊறித்தான் உள்ள போகணும். நாம அசையறது அதுக்கு உதவி.

"அப்போ ரிப்போர்ட்ல போட்டிருக்கிறது பொய்யா?"ன்னு கேட்பீங்க. பொய் இல்லை. ஆனா இதைக் கேளுங்க. 2015ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. திரும்பவும் சொல்றேன், வலி இல்லாதவங்க. 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 30 வயசுல 52 சதவீதம். 40 வயசுல 68. 80 வயசுல 96. புடைப்பு, அதாவது நம்ம 'டிஸ்க் பல்ஜ்', 30 வயசுல 40 சதவீதம் பேருக்கு, 40 வயசுல சரிபாதி பேருக்கு. இவங்க யாருக்கும் வலி கிடையாது. நாளைக்கு உங்க ஆபீஸ்ல நல்லா ஓடியாடுற 10 பேரைக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தா, அதுலயும் சில பேரோட கவர்ல இதே வார்த்தைகள் இருக்கும். நரைமுடி மாதிரிதான் இது. அதுல தலைவலிக்குக் காரணம் தேடினா கிடைக்குமா?

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. வழிஞ்சு வெளிய வந்த டிஸ்க்கை உடம்பே துப்புரவு பண்ணி எடுத்துடுது. அதே 2015ல வந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்புல, துண்டாகிப் பிரிஞ்சு போன டிஸ்க்குகள்ல 96 சதவீதம் அறுவை இல்லாமலே சுருங்கியிருந்தது. வெளிய வழிஞ்சதுல 70 சதவீதம். வெறும் பல்ஜ்ல 13 சதவீதம்தான். ரிப்போர்ட்ல பயங்கரமா தெரியறதுதான் அதிகமா சரியாகுது. சரியாகாம அப்படியே இருக்கிற பல்ஜோ, வலி இல்லாதவங்ககிட்டயும் சகஜமா இருக்கிற பல்ஜ்.

கிட்டத்தட்ட 90 சதவீதம் இடுப்பு வலிக்கு, 'இந்த இடத்துல இந்தக் கோளாறு'ன்னு விரல் வச்சுக் காட்ட முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. இளைஞர்களுக்கு இது ரொம்பக் கோபம் வர வைக்கிற விஷயம். காசு கொடுத்து ஸ்கேன் எடுத்தா காரணம் தெரியணுமில்ல? "அப்போ என் வலி மனசுலதான் இருக்குன்னு சொல்றீங்களா?"ன்னு சண்டைக்கு வருவாங்க. அப்படிச் சொல்லவே இல்லை. வலி நிஜம். அபார்ட்மெண்ட்ல பூனை குதிச்சாலே அலறுற கார் அலாரம் கேட்டிருப்பீங்க. சத்தம் நிஜமாத்தான் வருது, தூக்கம் நிஜமாத்தான் கெடுது, ஆனா கார் திருடு போகலை. ரொம்ப நாள் இழுத்த முதுகு வலியில நரம்பு மண்டலம் அந்த மாதிரி ஆகியிருக்கும். சரியா தூங்கலைன்னா, அப்ரைசல் நேரம்னா, வீட்டுல பிரச்சினைன்னா அலாரம் இன்னும் சின்ன அசைவுக்கே கத்தும். அதை எப்படி அடக்குறதுங்கிறதுதான் வைத்தியம்.

ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். அவங்க அனுமதியோட சொல்றேன், அடையாளம் எதுவும் சொல்லலை. வயசு 31, ஐடி வேலை, ரெண்டு வயசுல ஒரு பையன். என்கிட்ட வரும்போது ஒரு வருஷத்துக்கு மேல வலி. எம்ஆர்ஐ எடுத்த இடத்துல யாரோ, "இனிமே வெயிட் தூக்காதீங்க, தூக்கினா ஆபரேஷன்தான்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்த ஒரு வாக்கியம் அவங்க வீட்டுக்குள்ள என்னல்லாம் பண்ணிருக்கு பாருங்க. பெல்ட்டைக் காலையில குளிச்சுட்டு கட்டினா ராத்திரி படுக்கும்போதுதான் கழட்டுறது. தரையில உட்கார்றதில்லை. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, கார் மட்டும்தான், அதுவும் முன் சீட்டு. மாமியார்தான் பையனைத் தூக்கணும். பையன் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துட்டு, ஒரு கட்டத்துல நீட்டுறதையே நிறுத்திட்டானாம். "வலியைக்கூட பொறுத்துக்குவேன், இது தாங்கலை"ன்னு சொன்னாங்க.

சோதிச்சுப் பார்த்தேன். காலுக்குப் போற நரம்பு நல்லா இருக்கு, கால்ல பலம் இருக்கு, உணர்ச்சி இருக்கு, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. முதல் நாள் பயிற்சியே கொடுக்கலை. அந்த ரிப்போர்ட்டை வரி வரியா உட்கார்ந்து பேசினோம். 45 நிமிஷம். அப்புறம் கேட்டேன், "எவ்வளவு தூரம் நடந்தா வலி ஆரம்பிக்குது?" 10 நிமிஷம்னாங்க. "சரி, 7 நிமிஷம் நடங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நல்லா இருக்குன்னு 20 நிமிஷம் நடக்காதீங்க, வலிக்குதுன்னு நிறுத்தவும் செய்யாதீங்க." இந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம். நம்ம ஆளுங்க வலி குறைஞ்ச அன்னைக்கு வீட்டையே ஒட்டடை அடிச்சுட்டு, அடுத்த நாலு நாள் படுத்துடுவாங்க. நல்ல நாள்லயும் அதே அளவு, மோசமான நாள்லயும் ஏறக்குறைய அதே அளவு. வாரம் ஒருமுறை ரெண்டு நிமிஷம் கூட்டுறது.

தூக்குறதுக்கு வீட்டுச் சாமானே போதும். முதல் வாரம் ஒரு கிலோ துவரம் பருப்பு பாக்கெட்டைத் தரையில இருந்து எடுத்து மேடையில வைக்கணும், பத்து தடவை. அப்புறம் ரெண்டு பாக்கெட். அப்புறம் அஞ்சு கிலோ அரிசி. குறி என்னன்னா 11 கிலோ, ஏன்னா பையன் 11 கிலோ. பெல்ட்டை ஒரே நாள்ல கழட்டச் சொல்லலை, தினமும் அரை மணி நேரம் குறைச்சோம்.

அஞ்சாவது வாரம் தீபாவளிக்கு ஊருக்குப் போனாங்க. ரயில்ல ராத்திரி முழுக்க மேல் பெர்த். இறங்கினதும் பிடிச்சுக்கிச்சு. போன் பண்ணி அழுதாங்க, "மறுபடியும் விலகிடுச்சு"ன்னு. அந்த வார்த்தை திரும்ப வந்துடுச்சு பாருங்க. கால்ல மதமதப்பு இருக்கா, சிறுநீர் போறதுல மாற்றம் இருக்கான்னு கேட்டேன், இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம் நடங்க, பண்டிகை வேலையில உட்கார்ந்து செய்யறதை மட்டும் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். நாலு நாள்ல பழைய நிலைக்கு வந்தாங்க. முதுகு வலியில இப்படி ஏறி இறங்குறது சாதாரணம்.

நாலாவது மாசம் பையனைத் தூக்குற வீடியோ அனுப்பினாங்க. அவன் இறங்கணும்னு திமிறிக்கிட்டு இருக்கான். அவங்களுக்கு இப்பவும் சில நாள் வலி இருக்கு. 'வலி பூஜ்யம்'னு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கிறதில்லை.

இது நான் கண்டுபிடிச்ச முறை இல்லை. படுத்தே கிடக்கிறது உதவாதுன்னு தெரிஞ்சு 40 வருஷம் ஆகப் போகுது. 1986ல அமெரிக்காவுல 203 பேரை வச்சு ஒரு ஆய்வு: பாதிப் பேருக்கு 2 நாள் ஓய்வு, மீதிப் பேருக்கு 7 நாள். 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவங்க 45 சதவீதம் குறைவான நாள்தான் வேலைக்கு லீவு போட்டாங்க, மத்த விஷயத்துல ரெண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 1995ல ஃபின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கியில மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழு படுக்கை, ஒரு குழு முதுகை வளைக்கிற பயிற்சி, ஒரு குழுவுக்கு "வலி விடுற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்க", அவ்வளவுதான். சீக்கிரம் தேறினது கடைசிக் குழு.

நடைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவுல 701 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2024ல வெளியாச்சு. எல்லாரும் முதுகு வலி வந்து சரியானவங்க. திரும்ப வராம இருக்க என்ன வழிங்கிறதுதான் கேள்வி, ஏன்னா முதுகு வலி திரும்பத் திரும்ப வர்ற விருந்தாளி. ஒரு குழுவுக்குப் படிப்படியா கூட்டுற நடைப்பயிற்சி, கூடவே பிசியோதெரபிஸ்டோட ஆறு சந்திப்பு. ஆறு மாசத்துல வாரம் அஞ்சு நாள், தினம் 30 நிமிஷம்ங்கிறது இலக்கு. நடந்தவங்களுக்கு வலி திரும்ப வர நடுவாந்திரமா 208 நாள் ஆச்சு. ஒண்ணும் செய்யாத குழுவுக்கு 112 நாள். ஜிம் கட்டணம் கிடையாது, ஒரு ஜோடி ஷூ. ஆனா சென்னையில நடைபாதை வேணுமேன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை. ஃபீனிக்ஸ் மாலுக்குள்ள நடக்கிற ஒரு தாத்தா என் பேஷண்ட். ஒண்ணும் வாங்க மாட்டாரு, செக்யூரிட்டிக்கெல்லாம் அவரைத் தெரியும்.

2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பத்திப் புரிய வைக்கிறது, உடற்பயிற்சி, மசாஜ் மாதிரி சில சிகிச்சைகள், மனசுக்கான சிகிச்சை இதையெல்லாம் பரிந்துரைச்சிருக்காங்க. வேண்டாம்னு சொன்ன பட்டியல்ல இடுப்பு பெல்ட் இருக்கு, இழுவை அதாவது டிராக்ஷன் இருக்கு, டென்ஸ் மெஷின் இருக்கு. நம்ம ஊர்ல பிசியோன்னா "கரண்ட் வைக்கிறது, லைட் வைக்கிறது"ன்னுதான் அர்த்தம். கரண்ட் வைக்கலைன்னா "என்ன சார், ஒண்ணுமே பண்ணலை, பேசிட்டு அனுப்பிட்டாங்க"ன்னு போயிடுவாங்க. என் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காதுன்னு தெரியும். ஆனா 20 நாள் மெஷின்ல படுக்க வச்சு, ஒரு நாள்கூட அந்த ஆளை நடக்க வைக்காம அனுப்புறது எனக்கு நியாயமா படலை.

தைலத்தை மட்டும் நான் திட்ட மாட்டேன். கோடாலித் தைலம், உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை போட்ட வெந்நீர், எல்லாம் அந்த நேரத்துக்கு இதமா இருக்கும். இதம் கிடைச்சா அசைய முடியும், அசைஞ்சா சரியாகும். சுளுக்கு வழிக்கிறவங்க கதையும் இதுதான். ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க கை பட்டா சுளுக்கு ஓடிடும்னு ஊர்ல சொல்வாங்க. திடீர்னு வர்ற முதுகுப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரத்துல தானாவே வெகுவா குறைஞ்சிடும். அந்தச் சமயத்துல யார் கை பட்டுதோ அவங்களுக்குப் பேரு. அதுல எங்க பிசியோ கையும் உண்டு. ஆனா கழுத்தைச் சட்டுனு திருகுறது, முதுகுல ஏறி மிதிக்கிறது, இதெல்லாம் வேண்டாம்.

மாத்திரை. பாராசிட்டமால் முதுகு வலிக்குக் கேட்குதான்னு 2014ல ஆஸ்திரேலியாவுல 1,600க்கு மேற்பட்டவங்களை வச்சுப் பார்த்தாங்க. மாத்திரை சாப்பிட்டவங்க தேற 17 நாள், மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்க தேற 16 நாள். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிச் சாப்பிடுற டைக்ளோஃபெனாக் வகை கொஞ்சம் கேட்கும், ஆனா வயித்தையும் கிட்னியையும் பதம் பார்க்கிற மருந்து அது. டாக்டர்கிட்ட கேட்டு, குறைஞ்ச நாளைக்கு. மாசக்கணக்கா கைப்பையில வச்சு மிட்டாய் மாதிரி போட்டுக்காதீங்க.

இப்போ, நான் சொன்ன எதுவுமே பொருந்தாத ஆட்கள். இந்தப் பகுதியை வேகத்தைக் குறைச்சு வச்சுக் கேளுங்க.

சிறுநீர் வரலை, இல்லைன்னா போறதே தெரியலை. மலம் அடக்க முடியலை. சைக்கிள் சீட்டு படுற இடம் மரத்துப் போச்சு. ரெண்டு காலும் தொய்யுது. இதுல ஒண்ணு இருந்தாலும் நடைப்பயிற்சி, ஒத்தடம் எதுவும் வேண்டாம். அன்னைக்கே, அந்த ராத்திரியே, பெரிய ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவுக்குப் போகணும். மணிக்கணக்குதான் இருக்கும். தாமதிச்சா அந்த நரம்புகள் திரும்பாமலே போகலாம்.

சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி. நம்ம நாட்டுல இதைக் கேட்டா காசநோயை நினைக்கணும். முதுகெலும்புலயும் காசநோய் வரும், மருந்துல குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவங்க, விழுந்து அடிபட்டவங்க, ஸ்டீராய்டு நீண்ட நாள் சாப்பிடுறவங்க, இவங்களும் முதல்ல டாக்டரைப் பார்க்கணும்.

மூணாவது, உங்க வயசுக்காரங்களுக்குன்னே வர்றது. 24 வயசுப் பையன் ஒருத்தர், உணவு டெலிவரி வேலை. பைக்லயே இருக்கிறதால வலின்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அவரும் நம்பிட்டாரு. நான் ஒரே கேள்வி கேட்டேன்: "காலையில எழுந்ததும் எப்படி இருக்கும்?" "ஒரு மணி நேரம் மரக்கட்டைங்க. வண்டி எடுத்து நாலு ஆர்டர் கொடுத்த பிறகுதான் இளகும். லீவு போட்டுப் படுத்தா இன்னும் அதிகம்." சாதாரண வலி ஓய்வுல கொஞ்சமாவது அடங்கும். இவருக்குத் தலைகீழா இருக்கு. மூட்டு வாத நிபுணர்கிட்ட அனுப்பினேன். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்போட எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டைத் தாக்குற நோய். கவனிக்காம விட்டா வருஷங்கள்ல முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பல பேருக்கு இதைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகுது. 40 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, மூணு மாசத்துக்கு மேல இருந்து, காலையில அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு, அசைஞ்சா குறையுது, பின்னிரவுல வலி எழுப்புதுன்னா, தயவுசெஞ்சு சேரைக் குத்தம் சொல்லிட்டு இருக்காதீங்க.

ஆபரேஷனுக்கு நான் எதிரி கிடையாது. கால்ல பலம் குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னா அறுவைதான் காப்பாத்தும். முதுகைவிட காலுக்கு இறங்குற வலி, நாம சியாட்டிக்கான்னு சொல்றது, அதுல மட்டும் ஒரு தேர்வு இருக்கு. நெதர்லாந்துல 283 பேரை வச்சு 2007ல வந்த ஆய்வுப்படி, சீக்கிரம் அறுவை செஞ்சவங்களுக்கு வலி வேகமா குறைஞ்சது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு தரப்பும் ஒரே மாதிரி. ஆனா காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேர் வலி தாங்காம அந்த வருஷமே ஆபரேஷனுக்குப் போனாங்க, அதையும் சொல்லணும். பலவீனம் இல்லாத பட்சத்துல, காத்திருக்கலாமா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. பயமுறுத்தி எடுக்க வைக்கிற முடிவா இருக்கக் கூடாது.

வாய்ஸ் நோட் கேள்விகள் நிறைய வந்திருக்கு, நாலஞ்சு மட்டும் எடுத்துக்கிறேன்.

"பாய்ல படுத்தா நல்லதா?" தரையில படுன்னு வீட்டுக்கு வீடு சொல்வாங்க. 2003ல ஸ்பெயின்ல 313 பேருக்கு மெத்தை மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. கல்லு மாதிரி மெத்தையைவிட நடுத்தரமா அழுத்தம் உள்ள மெத்தையில படுத்தவங்களுக்குத்தான் வலி கூடுதலா குறைஞ்சது. பாய் உங்களுக்குச் சுகமா இருந்தா படுங்க, வைத்தியம்னு நினைச்சுக் கஷ்டப்பட்டுப் படுக்காதீங்க. பிஜி ரூம்ல நடுவுல குழி விழுந்த ஸ்பாஞ்ச் மெத்தைதான் கதின்னா, அதைத் திருப்பிப் போட்டு, மேல ஒரு ஜமுக்காளத்தை மடிச்சுப் போட்டுப் பாருங்க.

"30 ஆயிரத்துக்கு ஒரு சேர் பார்த்து வச்சிருக்கேன்." வாங்கலாம், வசதியா இருக்கும். ஆனா அதுல ஆறு மணி நேரம் அசையாம உட்கார்ந்தா 30 ஆயிரம் ரூபாய் சேர்ல வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பழைய ஆபீஸ் பழக்கம் ஒண்ணு இருந்தது, மணிக்கொரு தரம் கீழ டீக்கடைக்குப் போறது. வீட்டுல இருந்து வேலை பார்க்க ஆரம்பிச்சதும் அது போச்சு. டீயே குடிக்க வேண்டாம், இறங்கி ஏறுங்க.

"டெட்லிஃப்ட் பண்ணலாமா?" பண்ணலாம். துவரம் பருப்பு பாக்கெட்ல இருந்து 11 கிலோவுக்குப் போனாங்களே, அதுவும் டெட்லிஃப்ட்தான். மூணு மாசம் படுத்துட்டு வந்து, பக்கத்துல இருக்கிறவன் 80 கிலோ தூக்குறான்னு முதல் நாளே போட்டி போட்டா முதுகு பழி வாங்கும்.

கடைசிக் கேள்வி, ஒரு தம்பி அனுப்பினது. "எங்க அம்மா தி.நகர்ல ஜவுளிக் கடையில சேல்ஸ். 10 மணி நேரம் நிக்கிறாங்க. நீங்க நடக்கச் சொல்றீங்க, எப்ப நடப்பாங்க?"

இந்தத் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் இதுவரைக்கும் பேசினது பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு. ஒரே இடத்துல நாள் முழுக்க நின்னுட்டு, கூட்ட நெரிசல்ல பஸ் பிடிச்சு வந்து சமைக்கிற ஒருத்தரை, "தினம் 30 நிமிஷம் நடங்கம்மா"ன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது. அவங்களுக்கு வேண்டியது உட்கார இடம். கேரளாவுல கடை ஊழியர்கள் போராடி 2018ல சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டுல 2021ல கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கொடுத்தே ஆகணும், வேலை நேரம் முழுக்க நிக்க வைக்கக் கூடாதுன்னு கொண்டு வந்தாங்க. வாடிக்கையாளர் இல்லாத நேரத்துல அஞ்சு நிமிஷம் உட்கார்றது, நிக்கும்போது ஒரு காலை மாத்தி மாத்திச் சின்ன முக்காலி மேல வைக்கிறது, தட்டையான ரப்பர் செருப்புக்குப் பதிலா கொஞ்சம் மெத்துனு இருக்கிற செருப்பு, இது மூணும் என்னால சொல்ல முடிஞ்சது. அம்மாகிட்ட கேளுங்க தம்பி, கடையில நாற்காலி போட்டிருக்காங்களான்னு. போட்டிருந்தா, அதுல உட்கார விடுறாங்களான்னும் கேளுங்க. பதிலை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க.

அடுத்த வாரம் கழுத்து வலி. வர்றேன்.